செம்பா ஏற்றத்தில் திணறும் பிக்-அப்: பின் அச்சுக்கு எந்தப் பல் விகிதம்?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் கோம்பாக்கில் இருக்கிறேன். கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஜெனரேட்டர், விளக்கு, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறேன். வண்டி 2012ஆம் ஆண்டு ஜப்பானிய டீசல் பிக்-அப், 2.5 லிட்டர், ஐந்து கியர் மேனுவல், ஃபோர் வீல் டிரைவ். பின்னால் மாட்டும் டிரெய்லர் சாமானோடு 1,400 கிலோ வரும். காராக் நெடுஞ்சாலை வழியாகப் பெந்தோங், ரவூப் பக்கம் அடிக்கடி போகிறேன். கெந்திங் செம்பா ஏற்றத்தில் நாலாம் கியர் நிற்பதில்லை; மூன்றுக்கு இறக்கினால்தான் ஏறுகிறது. மூன்று மாதமாகப் பின் அச்சில் ஊளைச் சத்தம் வேறு. அதற்குக் கொஞ்சம் முன்புதான் பினியன் சீல் ஒழுகுகிறது என்று மாற்றினேன். கிரவுன் வீலும் பினியனும் போய்விட்டன என்கிறார் மெக்கானிக். இப்போது இருப்பது 43-க்கு 11 பல். பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடையில் 4.1 விகிதத்தில் பின் அச்சுக்கான முழு டிஃபரென்ஷியல் ஒன்று இருக்கிறதாம். என் மச்சான் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, 4.88 போட்டால் மலையையே இழுக்கும் என்கிறான். கம்பெனி டயர் 255/70 ஆர் 15. இரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்துப் பாதைகளுக்காக 265/75 ஆர் 16 மாற்றினேன். எதை வாங்குவது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் கலந்திருக்கின்றன. ஊளை ஒன்று, ஏற்றத்தில் இழுவை போதாதது இன்னொன்று. இரண்டுக்கும் பின் அச்சுப் பல்தான் மருந்து என்று உங்கள் மெக்கானிக்கும் மச்சானும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊளைக்குப் பின் அச்சைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் திணறுவதற்கு, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய அந்த டயர்தான் பெரிய காரணம். இதைப் பிரித்துப் பார்க்காமல் பல் வாங்கினால், செலவு செய்த பிறகும் ஒரு குறை அப்படியே நிற்கும்.

முதலில் ஊளை. சீல் மாற்றிய பிறகு சத்தம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்கு நிறையச் சொல்கிறது. இன்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குள் கொண்டுவரும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல், இரண்டும் இருக்கும் பெட்டிதான் டிஃபரென்ஷியல். பினியன் தண்டில் முன்னும் பின்னுமாக இரண்டு பேரிங் உண்டு. அவற்றுக்கு நடுவே நசுங்கக்கூடிய ஒரு இரும்புக் குழல் இருக்கும். பினியன் நட்டை முறுக்கும்போது அந்தக் குழல் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய இறுக்கத்தைக் கொடுக்கும். சீல் மாற்ற வேண்டுமானால் அந்த நட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது, கழற்றுவதற்கு முன் இருந்த இடத்தைக் குறித்து வைத்து, பினியன் சுற்ற எவ்வளவு விசை கேட்கிறது என்று அளந்து முறுக்க வேண்டும். பல இடங்களில் ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்து அழுத்திவிடுகிறார்கள். குழல் அளவுக்கு மேல் நசுங்கிவிடும். அப்புறம் நட்டைத் தளர்த்தினாலும் பழைய இறுக்கம் வராது, நசுங்கினது நசுங்கினதுதான். பேரிங் சூடேறி உருளைகளில் குழி விழும். பினியன் நின்ற இடம் மயிரிழை மாறும். பல்லோடு பல் பொருந்துவதும் மாறும். ஊளை அங்கிருந்துதான் கிளம்பும்.

உங்கள் வண்டியில் நடந்தது இதுதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்களே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. டிரெய்லர் இல்லாமல், சமதளமான சாலையில் 70, 80 வேகத்தில் போங்கள். எண்ணெய்ப் பெடலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, லேசாக அழுத்தும்போது ஊளை வந்து, காலை எடுத்ததும் நின்றால் பல்லும் பினியன் பேரிங்கும் சந்தேகத்துக்குரியவை. எண்ணெய் கொடுத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இரைந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள். வண்டியை லேசாக இடமும் வலமும் வளைத்தால் அந்தச் சத்தம் கூடிக் குறையும். தார்ச்சாலையில் ஒரு சுருதி, கான்கிரீட் சாலையில் வேறு சுருதி என்று மாறினால் அது டயர்ச் சத்தம். கரடுமுரடு டயர்கள் அப்படித்தான் இரையும். டயர்ச் சத்தத்தை டிஃபரென்ஷியல் சத்தம் என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்து டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் நுனியில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற பசை ஒட்டியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது தேய்மானம். விரலில் தேய்க்கும்போது கீறுகிற சில்லுகள் இருந்தால், பல்லோ பேரிங்கோ உடையத் தொடங்கிவிட்டது. ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கோலாலம்பூரில் திடீர் வெள்ளம் புதிதல்ல. நீண்ட தூரம் ஓடிச் சூடான அச்சு தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மேலே இருக்கும் காற்றுக் குழாய் அடைத்திருந்தாலோ, அதன் வாய் தண்ணீருக்குள் போனாலோ, சீல் வழியாகவும் குழாய் வழியாகவும் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

பேரிங் மட்டும் போய், பல்லின் முகம் வழவழப்பாக இருந்தால் பேரிங் மாற்றி, அளவு வைத்துப் பூட்டிப் பார்க்கலாம். பல் முகத்தில் குழியோ கீறலோ நீல நிறமோ தெரிந்தால் யோசிக்காதீர்கள், புதுப் பல் போடுங்கள். தவறான பொருத்தத்தில் வெகுநாள் ஓடிய பல் அந்தத் தவறுக்கே பழகித் தேய்ந்திருக்கும். பிறகு எவ்வளவு நுட்பமாக அளவு வைத்தாலும் ஊளை முழுதாகப் போகாது.

சரி, இப்போது இழுவைக்கு வருவோம்.

43 பல்லை 11 பல்லால் வகுத்தால் 3.909. பினியன் 3.909 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த எண் ஏறினால் இன்ஜின் அதிகமாகச் சுற்றும், சக்கரத்தில் முறுக்கு விசையும் அதே அளவு ஏறும். எண் இறங்கினால் நேர்மாறு. ஆனால் சாலைக்கும் இன்ஜினுக்கும் நடுவே கடைசியாக இருப்பது டயர். டயர் பெரிதானால், பல்லைத் தொடாமலே விகிதத்தை இறக்கியது மாதிரிதான்.

உங்கள் கம்பெனி டயரின் விட்டம் சுமார் 738 மில்லிமீட்டர். இப்போது போட்டிருப்பது சுமார் 804. கிட்டத்தட்ட 9 சதவீதம் பெரிது. 3.909-ஐ 1.089-ஆல் வகுத்தால் 3.59 வரும். இரண்டு வருடமாக நீங்கள் ஓட்டுவது 3.59 பல் போட்ட வண்டி, தம்பி. வெறும் வண்டியாகக் கோலாலம்பூருக்குள் ஓடும்போது இது தெரியாது. 1,400 கிலோவைக் கட்டிக்கொண்டு கோம்பாக் டோலைத் தாண்டியதும் தெரியும்.

எங்கே தெரிகிறது என்று கணக்கில் பாருங்கள். உங்கள் மாதிரி 2.5 லிட்டர் டர்போ டீசல்களில் முறுக்கு விசை உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் 1,600 சுற்றிலிருந்து 2,400 சுற்று வரை. அதற்குக் கீழே டர்போ காற்றை அழுத்திக் கொடுக்காது, இன்ஜின் சோர்ந்துவிடும். ஐந்து கியர் மேனுவலில் நாலாம் கியர் வழக்கமாக ஒன்றுக்கு ஒன்று. ஏற்றத்தில் லோரிகளுக்குப் பின்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். கம்பெனி டயரில் நாலாம் கியரில் இன்ஜின் சுமார் 1,690 சுற்று சுற்றும். இப்போதைய டயரில் அதே வேகத்தில் 1,550. முதலாவது உச்சத்துக்கு உள்ளே, இரண்டாவது வெளியே. நாலாம் கியர் நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியது இந்த 140 சுற்று வித்தியாசம்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நான் சொல்லும் வேகம் உண்மையான வேகம், அதாவது கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் வேகம். மீட்டருக்குச் சிக்னல் கியர் பெட்டிப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில், பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைவாகக் காட்டும். உங்கள் மீட்டரில் 100 என்றால் வண்டி 109-ல் போகிறது. வேகக் கேமராவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஓடிய தூரமும் குறைவாகத்தான் பதிவாகியிருக்கும், ஆயில் மாற்றும் கெடு தள்ளிப் போயிருக்கும்.

ஆகவே நான் முதலில் சொல்வது டயர். உங்களிடம் இப்போது இருப்பது 16 அங்குல ரிம். அதே ரிம்மில் 245/70 ஆர் 16 உட்காரும். அதன் விட்டம் சுமார் 749 மில்லிமீட்டர், கம்பெனி டயரைவிட ஒன்றரை சதவீதம்தான் பெரிது. 60 வேகத்தில் நாலாம் கியரில் 1,660 சுற்று கிடைக்கும். பிக்-அப்களில் சாதாரணமாக ஓடும் அளவு இது, தேடி அலைய வேண்டியதில்லை. வாங்கும்போது பக்கவாட்டில் எழுதியிருக்கும் சுமைக் குறியீடு, வண்டியின் கதவோரத் தகட்டில் சொல்லும் அளவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் ஓடிய டயர் எப்படியும் மாற்றும் நிலைக்கு வந்துகொண்டிருக்கும். இழுவைக்கென்று தனியாகச் செலவு செய்யாமலே இழுவை திரும்புகிறது. கூடவே டீசல் ஃபில்டர், காற்று ஃபில்டர், இன்டர்கூலர் ரப்பர்க் குழாய் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குழாயில் சின்ன வெடிப்பு இருந்தாலும் டர்போவின் அழுத்தம் வெளியே போய்விடும். எந்தப் பல் போட்டாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

டயரைச் சிறிதாக்கினால் பின் அச்சுக்கு வாங்க வேண்டியதும் தெளிவாகிவிடும். அதே 43-க்கு 11, புதிது. வேறு எண் தேவையில்லை.

தோட்டத்துப் பாதைக்குப் பெரிய டயர் இல்லாமல் முடியாது என்று நீங்கள் சொல்லலாம். லாடங்குக்குள் மழைநாளில் போய்ப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அப்படியானால் விகிதத்தை மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. இழந்த 9 சதவீதத்தைத் திரும்பப் பெற வேண்டிய எண் 4.26. சந்தையில் கிடைப்பதில் பக்கத்தில் இருப்பது 4.30, அதாவது 43-க்கு 10 பல். அதைப் போட்டால் 60 வேகத்தில் நாலாம் கியரில் 1,700 சுற்று, கம்பெனி அமைப்பைவிட ஒரு பொட்டு அதிகம். மீட்டரும் கிட்டத்தட்ட உண்மை சொல்லத் தொடங்கும். ஹாஃப் கட் கடையின் 4.1 உங்களுக்குக் கொடுப்பது வெறும் 5 சதவீதம். 60 வேகத்தில் 1,620 சுற்று. உச்சத்தின் வாசற்படியில் நிற்கும், கொஞ்சம் வேகம் குறைந்தாலும் வெளியே விழும். அதற்காக அச்சைத் திறப்பது வீண்.

மச்சான் சொல்லும் 4.88 பற்றியும் எழுதிவிடுகிறேன். அவர் பார்ப்பது பொய்யில்லை, ஆனால் அது வேறு வண்டியின் கணக்கு. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 மாதிரி வண்டிகளை வாங்கும்போதே 3.31, 3.55, 3.73 என்று பல விகிதங்களில் தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். பெரிய பெட்ரோல் இன்ஜின், பல கியர் ஆட்டோமேட்டிக். 4.88 பற்றி அங்கே பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஜீப் மாதிரி வண்டிகளில் 35 அங்குல, 37 அங்குல டயர் போட்டவர்கள். உங்கள் டயர் 32 அங்குலம்கூட முழுதாக இல்லை. இதில் 4.88 போட்டால் ஐந்தாம் கியரில் 100 வேகத்துக்கு இன்ஜின் 2,700 சுற்று சுற்றும். இப்போது அதே வேகத்துக்கு 2,170. வாரத்தில் பெரும்பாலான நாள் டிரெய்லர் இல்லாமல் ஊருக்குள் ஓடும் வண்டி உங்களுடையது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசலுக்கு இருந்த பொது மானிய விலை நீக்கப்பட்டது. அந்த 500 சுற்றுக்கு ஒவ்வொரு நாளும் காசு கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

காசைவிட எனக்குப் பெரிய கவலை பினியன். டிஃபரென்ஷியல் கூட்டின் அளவு மாறாது, கிரவுன் வீலின் விட்டமும் மாறாது. எண்ணை ஏற்ற வேண்டுமானால் பினியனைத்தான் சிறிதாக்க வேண்டும். 4.88 என்பது வழக்கமாக 39-க்கு 8. உங்களிடம் இப்போது இருப்பது 11 பல் பினியன். எட்டுப் பல்லில் பினியன் ஒல்லியாகும், ஒரே நேரத்தில் சுமையைத் தாங்கும் பல்லும் குறையும். மேட்டில் மணிக்கணக்காக 1,400 கிலோவை இழுக்கிற வண்டிக்கு அது நல்லதல்ல. சேற்றில் ஊர்ந்து விளையாடும் வண்டியின் பல்லுக்கு வேண்டியது ஒன்று, சுமை இழுக்கும் வண்டியின் பல்லுக்கு வேண்டியது இன்னொன்று.

இன்னொரு முக்கியமான விஷயத்தை உங்கள் மெக்கானிக் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. உங்கள் வண்டி ஃபோர் வீல் டிரைவ். பின் அச்சில் விகிதத்தை மாற்றினால் முன் அச்சிலும் அதே விகிதம் போட்டே ஆக வேண்டும். பின்னால் 4.1, முன்னால் 3.909 என்று வைத்துக்கொண்டு நாலு சக்கரத்தையும் இணைத்தால், முன் சக்கரம் ஒரு வேகத்துக்கும் பின் சக்கரம் வேறு வேகத்துக்கும் சுற்ற முயலும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும். தார்ச்சாலையில் விட்டுக்கொடுக்காது. முறுக்கம் முழுவதும் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறி, செயினோ பல்லோ அங்கே உடையும். ஆகவே ஹாஃப் கட் கடையில் பின் அச்சுக்கு மட்டும் கிடைக்கும் 4.1 உங்களுக்கு உதவாது. 4.30 போடுவதாக இருந்தால் முன், பின் இரண்டுக்கும் போடுங்கள், இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம். கூலியும் சாமானும் இரட்டிப்பு. அதையும் சேர்த்துப் பார்த்தால் டயர் எவ்வளவு மலிவான மருந்து என்று தெரியும்.

ஹாஃப் கட் சாமானே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஹைலக்ஸ் மாதிரிச் சில பிக்-அப்களில் டிஃபரென்ஷியலை அச்சுக்கூட்டின் முன்பக்கமாக முழுதாகக் கழற்றி எடுக்கலாம். அதே விகிதத்தில் நல்ல ஒன்று கிடைத்தால் தொழிற்சாலையில் வைத்த அளவோடு அப்படியே மாட்டிவிடலாம், அளவு வைக்கும் வேலையே இல்லை. அது ஒரு பெரிய சௌகரியம். ஆனால் கடைக்காரர் வாயால் சொல்லும் விகிதத்தை நம்பாதீர்கள். பல்லை எண்ணுங்கள். எண்ண முடியாத இடத்தில் இருந்தால் கிரவுன் வீல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை பினியனைக் கையால் சுற்றுங்கள்; 3.9 என்றால் நாலு சுற்று முடிய ஒரு நூல் பாக்கி இருக்கும். பினியனைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், துளிகூட ஆடக்கூடாது. உள்ளே துரு படிந்த கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. தண்ணீரில் நின்ற பேரிங் வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உருளை படிந்த இடத்தில் துருக்கோடு விழுந்திருக்கும், சுமை ஏறியதும் பாடத் தொடங்கிவிடும்.

புதுப் பல் வாங்குவதானால் கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகவே வாங்குங்கள். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். பெட்டியைப் பிரித்ததும் அந்த எண்ணைப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் வாங்காதீர்கள். பேரிங் முழு செட்டும் புதிதாக வேண்டும். கோயோ, என்எஸ்கே, என்டிஎன், டிம்கென் என்று நம்பிக்கையான பெயர்கள் இருக்கின்றன. ஆனால் பெட்டியைப் பார்த்து ஏமாறாமல், உங்கள் மெக்கானிக் வழக்கமாக வாங்கும் கடையில் வாங்குங்கள். சீல், நசுங்கும் குழல், பினியன் நட்டு மூன்றும் ஒரு முறைச் சாமான், பழையதைத் திரும்பப் போடக்கூடாது. சுமை இழுக்கும் வண்டிக்கு நசுங்கும் குழலுக்குப் பதிலாக ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்துப் பூட்டும் கெட்டிக் குழல் கிடைத்தால் அதையே போடச் சொல்வேன். இறுக்கம் நாளாக ஆகத் தளராது, அடுத்த முறை சீல் மாற்றும்போதும் இந்தக் கதை திரும்ப நடக்காது.

எந்தப் பல் வாங்குகிறீர்கள் என்பதைவிட அதை யார் பூட்டுகிறார் என்பதில் அதிகமாகக் கவனம் வையுங்கள். மூன்று அளவுகள் சரியாக வேண்டும். பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, பேரிங் எவ்வளவு இறுக்கம். பல் இடைவெளி இந்த அளவு பிக்-அப்களில் பொதுவாக 0.13-லிருந்து 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவான எண். அதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது, டயல் கேஜ் வைத்துக் கிரவுன் வீலைச் சுற்றிலும் மூன்று நாலு இடத்தில் அளக்க வேண்டும்.

பிறகு மை. கிரவுன் வீலின் சில பற்களில் மஞ்சள் குறிமையைத் தடவி, கிரவுன் வீலுக்குக் கொஞ்சம் தடை கொடுத்துக்கொண்டு பினியனைச் சுற்றுவார்கள். பினியன் பட்ட இடத்தில் மை விலகி, பல்லின் முகத்தில் ஒரு நீள்வட்டம் தெரியும். அது பல்லின் உயரத்தில் நடுவில் இருக்க வேண்டும். பல்லின் அடிவேருக்குப் போயிருந்தால் பினியன் அதிகமாக உள்ளே நிற்கிறது, நுனிக்கு ஏறியிருந்தால் வெளியே நிற்கிறது. நீளவாக்கில் பார்த்தால் நடுவிலோ, கிரவுன் வீலின் மையத்தை நோக்கிய உள்முனைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தோ இருப்பது உங்களுக்கு நல்லது. ஏனென்றால் சுமை ஏறும்போது அந்தத் தொடுமுகம் வெளிமுனையை நோக்கி நகரும். மேசையில் வைத்துப் பார்க்கும்போதே வெளிமுனையில் இருந்தால், செம்பா ஏற்றத்தில் விசை முழுவதும் பல்லின் ஓரத்தில் விழும். ஷிம் மாற்றி, பூட்டி, மை தடவி, கழற்றி என்று நாலைந்து முறை திரும்பச் செய்கிற வேலை இது. பொறுமையாகச் செய்தால் ஒரு நாள் போய்விடும். பட்டறையில் முன்கூட்டியே கேளுங்கள்: மை படிந்த பல்லைப் படமெடுத்து அனுப்புவீர்களா, இடைவெளி அளவை எழுதிக் கொடுப்பீர்களா? வழக்கமாகச் செய்கிறவர் சந்தோஷமாகச் சரி என்பார். அதெல்லாம் எதற்கு என்று கேட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆயில் ஜிஎல்-5 தரம் வேண்டும். கியர் பெட்டிக்கு வாங்கிய ஜிஎல்-4 மீதி இருக்கிறது என்று இதில் ஊற்றக்கூடாது. இந்தப் பற்கள் உருள்வதோடு வழுக்கியும் தேய்பவை, அந்த அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானம் ஜிஎல்-5-ல்தான் போதிய அளவு உண்டு. நம் ஊர் வெப்பத்துக்கும் உங்கள் சுமைக்கும் கையேடு அனுமதித்தால் 85டபிள்யூ-140 போடலாம், இல்லையென்றால் 80டபிள்யூ-90. பின் அச்சில் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் அதற்கான சேர்மானமும் வேண்டும்.

வேலைக்கு நாள் குறிக்கும்போது ஆடி மாதத்தையோ மார்கழியையோ பாருங்கள். கல்யாண வேலை இல்லாத நேரம். ஏனென்றால் புதுப் பல் போட்டதும் டிரெய்லர் மாட்டக்கூடாது. முதல் நாள் 25 கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். புதுப் பல் முகங்கள் ஒன்றையொன்று மெருகேற்றும்போது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் சுமையும் சேர்ந்தால் பல்லின் கடினம் போய்விடும், திரும்ப வராது. 800 கிலோமீட்டர்வரை டிரெய்லர் வேண்டாம். 800-ல் ஆயிலை மாற்றுங்கள். உள்ளே உதிர்ந்த இரும்புத் தூள் அதோடு வெளியேறும். அப்புறம் டிரெய்லர் மாட்டலாம். அப்போதும் முதல் இரண்டு மூன்று பயணம் செகாம்புட், செந்தூல் என்று பக்கத்துச் சமதளத்தில் அரைச் சுமையோடு இருக்கட்டும். முதல் பயணமே ரவூப் வேண்டாம். தை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் பல்லை மாற்றி, மூன்றாம் நாள் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு மலையேறினால் புதுப் பல் அந்த ஒரே நாளில் பழசாகிவிடும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். அந்த டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா? பெரும்பாலான பிக்-அப் கையேடுகளில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. உங்களுடையது 1,400. பல்லை மாற்றினால் இன்ஜின் இழுக்கும் விதம் மாறும். வண்டி தாங்கும் எடையும் பிரேக்கும் மாறாது. செம்பாவில் ஏறியவர் திரும்பி வரும்போது அதே சரிவில் கோம்பாக்கை நோக்கி இறங்கியாக வேண்டும். மூன்றாம் கியரில் இறங்குங்கள், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். மழையில் முன்னால் ஒருவர் சட்டென்று நிறுத்தினால் அது போதாது. கொக்கியில் இறங்கும் எடையையும் ஒரு தராசில் பாருங்கள்: மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்குவரை, அதாவது 140-லிருந்து 200 கிலோ. ஜெனரேட்டரை டிரெய்லரின் பின்பக்கம் வைத்துக் கட்டினால் இது குறைந்து, இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டும். டிரெய்லருக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவும் உங்கள் உரிமமும் சரியாக இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

பிரேக் இல்லை என்றால், டயருக்கும் பல்லுக்கும் முன்னால் அதைப் போடுங்கள். போடும்வரை சுமையை இரண்டாகப் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் காந்தத்தில் என்ன இருந்தது என்று படத்தோடு எழுதுங்கள். பல்லா, பேரிங்கா என்று அப்போது இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்.